தெற்குக் குப்பத்துக் கிணறு

கொதிக்கவைக்காத தண்ணீரை நான் குடிப்பதில்லை, இன்ஸ்பெக்டர். அந்த டம்ளரை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மெடிக்கல் காலேஜில் பல வருஷம் காலராவைப் பற்றி ஆராய்ச்சி செய்தவன் நான். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் போதும் என்று சர்க்காருக்கு எழுதி அலுத்துப்போனேன். கோட்டையில் ஓர் அதிகாரி முகத்துக்கு நேரே சிரித்தார். "கண்ணாடிக் குழாய்க்குள் நடப்பதை நம்பி உத்தரவு போட முடியாது. ஊரில் காட்டுங்கள்" என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

1951 கோடையில் காத்திவாக்கத்தில் இரண்டு மீனவர் குப்பங்களைத் தேர்ந்தெடுத்தேன். வடக்குக் குப்பத்துக் கிணற்றில் நர்ஸ் ஃப்ளோரன்ஸ் வாராவாரம் பவுடர் போட்டாள். தெற்கில் போடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டாமா?

தெற்குக் குப்பத்தில் இறால் விற்கும் பச்சையம்மா என்னை வழிமறித்தாள்.

"இன்னா சாமி, அவங்க கெணத்துக்கு மட்டும் மருந்து போட்டுகினு போறே? எங்க கெணறு இன்னா பாவம் பண்ணிச்சு? எங்க வூட்லயும் கொயந்தைங்க கீதே."

"உங்கள் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கிறது" என்றேன். அன்றைக்கு அது உண்மை.

அதுதான் தொல்லை. கோடை முடியப்போகிறது, இரண்டு குப்பத்திலும் ஒருவருக்கும் எதுவும் வரவில்லை. வித்தியாசமே இல்லாத முடிவை எந்த அதிகாரி படிப்பான்? சோதனைக்கூடத்தில் நான் வளர்த்த காலராக் கிருமி ஒரு புட்டியில் இருந்தது. பட்டப்பகலில், பெண்கள் தண்ணீர் சேந்திக்கொண்டிருக்கும்போதே அதைத் தெற்குக் கிணற்றில் ஊற்றினேன். மருந்து என்று நினைத்து வழிவிட்டார்கள். பச்சையம்மா கும்பிட்டாள்.

சில நாளில் சாவு தொடங்கியது. ஃப்ளோரன்ஸ் ஓடி வந்தாள்.

"பவுடர் மூட்டை மூட்டையா கீது சார். இப்பவாவது போட்டுடலாம். பசங்க செத்துகினு இருக்குதுங்க."

கிடங்குச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பாதியில் நிறுத்தினால் அந்த முடிவை யாரும் நம்ப மாட்டார்கள். அவள் என் காலடியில் துப்பிவிட்டுப் போனாள். கெட்டிக்காரப் பெண்தான், ஆனால் ஆராய்ச்சிக்கு வேண்டிய பொறுமை இல்லை.

போன மாதம் உத்தரவு வந்தது. எண்ணூரிலிருந்து ராயபுரம்வரை எல்லாக் கிணறுகளுக்கும் பவுடர். அதே அதிகாரி எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். அதற்குள் ஃப்ளோரன்ஸ் சோதனைக்கூடத்தில் காலரா என்று சீட்டு ஒட்டிய அந்தக் காலிப் புட்டியைக் கண்டுபிடித்து உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், ஊற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

வாசலில் மண்ணை வாரித் தூற்றுவது பச்சையம்மாதானே? அவளுடைய இரண்டு பேரன்களும் வீணாகச் சாகவில்லை என்று யாராவது அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள். அவள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.