கழுவி வந்த டிபன் கேரியர்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மின்விசிறி போடுகிற சத்தத்தில் என் குரல் உங்களுக்கு எட்டாது. ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குச் சிவப்பு ஒயின்தான் சேரும். இதை நான் எழுபத்தொரு வயதில் கற்றுக்கொண்டேன். எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன். முடிகிற வரைக்கும் எழுந்து போய்விடாதீர்கள்.

என் வீட்டுக்காரர் கமலநாதன் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு வியாழக்கிழமைதோறும் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயில் ஏறிப் பக்கத்து ஊரான கிள்ளானுக்குப் போவார். கோயில் கமிட்டி வேலை என்பார். நாலு அடுக்கு டிபன் கேரியரில் சோறு கட்டித் தருவேன். கமிட்டிக்காரர்களும் ஒரு வாய் சாப்பிடட்டும் என்று கூடுதலாகவே வைப்பேன். பன்னிரண்டு வருஷம் இப்படி நடந்தது. கேரியர் ஒவ்வொரு முறையும் பளபளவென்று கழுவித்தான் திரும்பி வரும். கோயில்காரர்கள் நல்ல மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

சமையல் எப்படி என்று அவரிடம் கேட்டால் "நல்லா இருக்கு" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரே பதில்தான்.

அவர் இறந்த பதினாறாம் நாள், படத்துக்கு முன்னால் பிரட்டலும் அவர் வீட்டில் குடிக்கிற ஸ்டவுட் பீரும் வைத்துப் படைத்தேன். கிள்ளானிலிருந்து புனிதா வந்தாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், என் கல்யாணத்தில் எனக்குப் பூ வைத்துவிட்டவள். ஹோட்டல் ஒன்றில் முப்பது வருஷம் விருந்து மேசைகளைக் கவனித்தவள். கணவன் போய் வெகுகாலம் ஆகிறது. அவள் பையிலிருந்து ஒரு சிவப்பு ஒயின் போத்தலை எடுத்தாள். ஸ்டவுட்டைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, பிரட்டலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தப் பெரட்டலுக்கு அவருக்கு இதுதான் புடிக்கும் வள்ளி."

சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

எல்லாரும் போனதும் மறைக்காமல் சொன்னாள். வியாழக்கிழமைகளில் அவர் போனது அவள் வீட்டுக்குத்தான். அவள் ஒயின் ஊற்றுவாள், என் சாப்பாட்டை இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். கேரியரை அவளே கழுவிக் கொடுத்தனுப்புவாள்.

"வேற ஒண்ணும் கிடையாதுடி, என் புள்ள மேல சத்தியம். கேரியரத் தொறந்தா உன் பேச்சுதான். இன்னிக்கு மல்லி தூக்கல், பட்ட கொறச்சல்னு அப்படியே கண்டுபுடிச்சிருவாரு."

நான் அவளை நம்பினேன். அதனால்தான் மன்னிக்க முடியவில்லை. வேறு ஏதாவது நடந்திருந்தால் ஆண்பிள்ளை புத்தி என்று விட்டிருப்பேன். எனக்குச் சேர வேண்டிய பேச்சையெல்லாம், பன்னிரண்டு வருஷமாக, நான் கட்டிக் கொடுத்த சோற்றை வைத்தே அவளிடம் பேசியிருக்கிறார்.

நான் கோபப்படவில்லை. "எதுக்கு எந்த ஒயின்னு எனக்கும் சொல்லிக் குடேன் லா," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை மத்தியானங்களில் அதே கேரியரோடு கிள்ளானுக்குப் போனேன். அவள் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். சாப்பாடு ஒரு வாய், அப்புறம் ஒயின் ஒரு வாய். இரண்டும் சண்டை போடுகிறதா, ராசியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். மீனுக்குப் புளிப்பு ஓடுகிற வெள்ளை ஒயின். காரத்துக்கு இனிப்பு.

"காரம் ஏற ஏற நாக்குக்கு இனிப்புத் தெரியாது வள்ளி. சீனிப் பாகு மாதிரி இருக்கிற ஒயின்கூட சும்மா எறங்கிப் போயிரும். எனக்குத்தான் அதுக்குக் குடுத்து வைக்கல. நான் சக்கரக்காரி."

இருபது வருஷமாக இன்சுலின் போடுகிறவள். இனிப்பில்லாத ஒயின் மட்டும் சின்னக் கிளாஸ் ஒன்று குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணும் மங்கிவிட்டது, போத்தலில் ஒட்டியிருப்பதைப் படிக்க முடியாது. "இனிமே நீயே பாத்து வாங்கிட்டு வா," என்றாள்.

பார்த்துத்தான் வாங்கினேன். அடுத்த சனிக்கிழமை கணவாய் மீன் சம்பலில் சிலி பாடி என்கிற ஊசி மிளகாயை இரண்டு கை அள்ளிப் போட்டேன். கடையில் இருந்ததிலேயே அதிக இனிப்பான ஒயினை ஊற்றிக் கொடுத்தேன்.

"பழ வாசனை நல்லா இருக்கே. இனிப்பு இல்லல்ல?"

"இல்லடி."

கிளாஸை மறுபடியும் நீட்டினாள். காரம் அப்படி.

வாரா வாரம் காரத்தைக் கூட்டினேன். "சோத்தைக்கூட பாதியாக் கொறச்சிட்டேன், எப்படி சக்கர ஏறுதுன்னே தெரியல," என்பாள். மருந்தை மாற்றச் சொல்லு என்பேன். ஐந்தாம் மாதம் கால் விரல் இரண்டை எடுத்தார்கள். வீடு திரும்பியதும் பெரிய போத்தலாக வாங்கிப் போனேன். ஒன்பதாம் மாதம் சிறுநீரகம் நின்றது. என் கையைப் பிடித்தபடிதான் போனாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒன்பது மாதமும் ஒவ்வொரு வாய்க்கும் என் சமையலைப் பற்றிப் பேசினாள். சீரகம் வறுபட்டது போதாது என்பாள், புளி இன்று சரியாக விழுந்திருக்கிறது என்பாள். நான் சனிக்கிழமைக்குக் காத்திருந்தேன். அதற்காக நிறுத்தலாம் என்று தோன்றவில்லை.

அவள் படையலுக்குக் காரமே இல்லாமல் சமைத்தேன். அந்த ஒயினையும் வைத்தேன். அவள் மகன் சிவநேசன் அம்மா நினைவாக ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைப் பார்த்தான்.

"என்னா ஆன்டி இது, சீனித் தண்ணி மாதிரி இருக்கு. அம்மா இனிப்பே தொட மாட்டாங்களே."

"உங்கம்மாவுக்குத் தெரியாது தம்பி. நான்தான் ஊத்திக் குடுத்தேன்," என்றேன். அவன் கிளாஸைக் கீழே வைத்தான். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

நாளைக்குப் போலீஸ் வரும் என்று நினைக்கிறேன். உங்களிடம் சொன்னதையேதான் அவர்களிடமும் சொல்வேன். அவள் சொல்லிக் கொடுக்காத எதையும் நான் செய்யவில்லை. சேராத ஒன்றை அந்த மேசையில் ஒருநாளும் வைக்கவில்லை.

சரி, வீட்டுக்குப் போங்கள், கண்ணுகளா. உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். குழம்பில் இன்று என்ன கூட, என்ன குறைவு என்று அடுப்படியில் நிற்கிறவளிடமே ஒருவர் வாய்திறந்து சொல்லட்டும். நீங்கள் கட்டிக் கொடுக்கிற டிபன் கேரியர் கழுவாமலே வீடு திரும்பட்டும்.