ஒரு கொறையாவது சொல்லுங்க

பெரும்பாலான மனிதர்களுக்குக் குறை சொல்ல வராது மேடம். சாம்பாரில் உப்புக் கரித்தால்கூட இலையை மடித்துவிட்டு, "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போவார்கள். அவர்கள் வாயிலிருந்து உள்ளதை வரவழைப்பதுதான் என் வேலை. அதை நான் நன்றாகவே செய்தேன். அந்தப் பெருமை இப்போதும் எனக்கு இருக்கிறது.

ஆவுடையப்பன் புதுக்கோட்டையில் நடத்தும் டிராவல்ஸில் என்னை அதற்காகத்தான் வைத்திருந்தார். சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, ஆவுடையார்கோவில், கட்டுமாவடிக் கடற்கரை என்று வேனில் சுற்றிக் காட்டும் கம்பெனி. பயணம் முடிந்த மறுநாள் வந்துபோனவர்களுக்குப் போன் போடுவேன். சாப்பாடு, ஏசி, டிரைவர், கைடு என ஒவ்வொன்றுக்கும் இரண்டே கேள்வி. இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், எங்களிடம் இது எப்படி இருந்தது. ஐந்துக்கு மார்க் போடச் சொல்வேன். ரொம்ப முக்கியம் என்று சொன்ன ஒன்றுக்கு மார்க்கைக் குறைத்தார்கள் என்றால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். முதலாளிக்கு அது வேதவாக்கு. மாதக் கூட்டத்தில் நான் எதை முதலில் சொல்கிறேனோ அதைச் செய்வார். மற்றது எதுவும் அவர் காதில் ஏறாது.

எல்லாம் நன்றாக இருந்தது என்று நழுவுகிறவர்களை நான் விடமாட்டேன். "ஒரு கொறையாவது சொல்லுங்க, நாங்க திருத்திக்கிறோம்" என்பேன். சொல்லும்வரை போனை வைக்கமாட்டேன். அருணா பேசினால் கல்லும் வாயைத் திறக்கும் என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பார்.

என் தம்பி பிச்சைமுத்துவும் அங்கேதான் இருந்தான். நான்தான் சேர்த்துவிட்டேன். பெரிய வேனை ஓட்டினான். அந்த வேனில் பிரேக் சரியில்லை. மிதித்தால் ஒரு சமயம் பிடிக்கும், ஒரு சமயம் தரை வரைக்கும் போகும். தம்பி முதலாளியிடம் போய்ச் சொன்னான். "கஸ்டமர் ஒருத்தரும் பிரேக்கைப் பத்திச் சொல்லலையேப்பா. இந்தா இருக்கா ஒங்க அக்கா, கேட்டுப் பாரு" என்றார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். யாரும் சொல்லவில்லை என்பது உண்மைதான். அதைத்தான் நானும் சொன்னேன்.

அதற்கப்புறம் அவன் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டுதான் போனான். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கமாட்டான், யாரோடும் பேசமாட்டான். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் சித்தன்னவாசல் போய்ச் சேர்வதற்குள் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் நான் பேசியபோது, டிரைவர் மந்தம், முகம் கொடுத்தே பேசவில்லை என்று அந்த அம்மாள் ஒரே ஒரு மார்க் போட்டார். மார்க்கை மறைக்கும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. கூட்டத்தில் அப்படியே சொன்னேன். முதலாளி தம்பியை எழுந்து நிற்கவைத்து, "நீயி மாட்டு வண்டி ஓட்டத்தான்டா லாயக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். கீரமங்கலத்திலிருந்து பொன்னமராவதி வரை எந்த வேன் ஸ்டாண்டில் போய் வேலை கேட்டு நின்றாலும், முதலாளியின் போன் அவனுக்கு முன்னால் போயிருந்தது. ஆடி முடிவதற்குள் தம்பி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

முதலாளி ரோஜா மாலையோடு வந்தார். "நல்ல பய" என்றார். அந்த மாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதே மாதிரி ஒன்று அவர் வீட்டு வாசலுக்கும் போக வேண்டும் என்று நினைத்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

கருமாதி முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். வெட்கம் கெட்டவள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெரிய வேனுக்கு மரியசெல்வம் என்ற புது டிரைவர் வந்தார். கடற்கரைப் பக்கத்துக்காரர், பிள்ளைகுட்டிக்காரர். தம்பிக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டு, பயந்துகொண்டே வேகமாக ஓட்டினார். அப்போதுதான் பயணிகள் பிரேக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். கருகல் வாடை வருகிறது என்றார்கள். நிறுத்தும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, குழந்தைகள் பயந்துவிட்டார்கள் என்றார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நன்றி சொன்னேன். கூட்டத்தில், மதியச் சாப்பாட்டில் மீன் வறுவல் ஆறிப்போய் வருகிறது என்று சொன்னேன். முதலாளி உடனே ஹாட்பாக்ஸ் வாங்கினார். அடுத்த மாதம் சீட் கவர் என்றேன், மாற்றினார். அதற்கடுத்து, ஏறும்போதே இளநீர் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள் என்றேன், கொடுத்தார். எதுவும் பொய்யில்லை. அந்தக் குறைகளும் பயணிகள் சொன்னவைதான். எது முந்தி, எது பிந்தி என்பதை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன்.

ஒருநாள் மரியசெல்வம் என் மேசைக்கே வந்தார். "அக்கா, பிரேக்கு சுத்தமா இல்லக்கா. நான் சொன்னா மொதலாளி ஏசுவாரு. கஸ்டமர் சொன்னாகன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஒடனே செஞ்சிருவாரு."

"சொல்றேன் தம்பி, போங்க" என்றேன். தம்பி என்று சொல்லும்போது எனக்கு நாக்குக் கூசியது. ஆனாலும் முதலாளியிடம் சொல்லவில்லை.

கார்த்திகையில் நல்ல மழை. கண்மாயெல்லாம் தளும்பிக் கிடந்தது. முதலாளியின் மகன் வசந்துக்குக் கட்டுமாவடிப் பக்கம் பெண் பார்த்து, பூ வைக்கப் போவதாக இருந்தார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "எந்த வண்டியில போகலாம் அருணா? கஸ்டமருக எதைத் திருப்தியாச் சொல்றாக?"

"பெரிய வேன்தாங்கய்யா. இப்ப அதுக்குத்தான் மார்க்கு ஜாஸ்தி."

அதுவும் உண்மைதான் மேடம். இளநீரும் சீட் கவரும் வந்தபிறகு அந்த வேனுக்கு மார்க் ஏறியிருந்தது.

அறந்தாங்கி தாண்டி, ஒரு கண்மாய்க் கரை வளைவில் வண்டி நிற்கவில்லை. நேராகத் தண்ணீருக்குள் போய்விட்டது. கரையில் மாடு மேய்த்தவர்கள் குதித்து, முதலாளியையும் கூடப் போன உறவுக்காரர்களையும் இழுத்துப் போட்டார்கள். வசந்தையும் மரியசெல்வத்தையும் உயிரோடு எடுக்க முடியவில்லை. முதலாளி பிழைத்ததில் எனக்கு நிம்மதி. மாலை வரும்போது வாசலில் நின்று வாங்குவதற்கு அவர் இருக்க வேண்டுமே. மரியசெல்வத்தை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பயணம் முடிந்த மறுநாள் போன் போடுவது என் வழக்கம். முதலாளி ஆஸ்பத்திரியில் இருந்தார், எடுத்தார். "பயணம் எப்படி இருந்துச்சுங்கய்யா?" என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. "பிரேக்கு ஒங்களுக்கு எவ்வளவு முக்கியம்? அஞ்சுக்கு எத்தனை போடலாம்?" என்று கேட்டேன். "ஒரு கொறையாவது சொல்லுங்கய்யா, நாங்க திருத்திக்கிறோம்" என்றேன். அவர் ஓவென்று அழத் தொடங்கினார். முழுவதும் கேட்டுவிட்டு, நன்றி சொல்லி வைத்தேன். அந்தப் போனால்தான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள் என்று தெரியும். அதைப் போடாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஆமாம் மேடம், பிரேக் பிடிக்காது என்று தெரிந்தேதான் அந்த வண்டியைச் சொன்னேன். யாராவது சாக வேண்டும் என்றுதான் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

கோயம்புத்தூர் அம்மாளிடமும் பேசியதாகச் சொன்னீர்கள். முதலில் எல்லாவற்றுக்கும் ஐந்து மார்க்தான் போட்டாராம். ஒரு குறையும் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். நான் விடவே இல்லையாம், கடைசியில் ஆளை விட்டால் போதும் என்று டிரைவரைச் சொல்லிவிட்டதாக அழுகிறாராம். இருக்கலாம். கேட்பது என் வேலை. பிச்சைமுத்துவைக் கொன்றது ஆவுடையப்பன்தான், அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.