எலி வாத்தியாரின் கடைசி எண்ணிக்கை

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, வணக்கம். இன்று நான் இங்கே நிற்பது துக்கத்தோடு மட்டுமல்ல, பயத்தோடும்தான்.

மறைந்த நம் பேராசிரியர் பெருந்தகையை நாம் எப்படி அழைத்தோம்? எலி வாத்தியார்! "மனுசங்க பேச்சு கேக்கறதில்ல, எலியாவது கேக்குதே" என்று அவரே சிரிப்பார். குடலில் புற்றுக்கட்டி வரும் எலிகளுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து கலந்த தீனி கொடுத்தால் என்ன ஆகும்? வாழ்நாளெல்லாம் அவர் கேட்ட கேள்வி இதுதான். நோய் தொடங்கும் முன்பே அதைத் தின்ற எலிகளுக்குக் கட்டிகள் குறைந்தன. அன்று நாம் எப்படித் துள்ளினோம்!

அதை நம்பித்தான் அவர் மனைவியான நம் அண்ணி, தம் குடலில் இருந்த ஒரு கட்டியை எடுத்த பிறகு, அந்தச் சத்து மாத்திரையைத் தினமும் விழுங்கத் தொடங்கினார். வாத்தியாரின் தூக்கம் அன்றோடு போயிற்று. கட்டி வந்த பிறகு கொடுத்தால்? அதை யார் சோதித்தது? அதற்காகவே அடுத்த சோதனையைத் தொடங்கினார்.

அவர் வைத்த ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். கட்டிகளை அவரும் அவர் உதவியாளனான நானும் தனித்தனி அறையில் எண்ணுவோம். எந்த எலிக்கு எந்தத் தீனி என்பது எலிக்கூடக் காவலருக்கு மட்டுமே தெரியும். இருவரும் முடிக்கும்வரை மூச்சு விடக்கூடாது, வீட்டிலும்தான். சொந்த மனைவிக்காகவாவது மீறினாரா? இல்லை! தம் பங்கை எண்ணி முடித்தவர் என் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. சில எலிகளுக்குக் கட்டிகள் ஏராளம் என்று கண்டிருப்பார், அவை எந்தத் தீனி தின்றவை என்றுதான் அவருக்குத் தெரியாது.

"நீ சீக்கிரம் எண்ணி முடிப்பா. எனக்கு பயமா இருக்கு."

அந்த வாரமே மாரடைப்பு அவரைக் கொண்டுபோயிற்று.

இன்று காலை நானும் எண்ணி முடித்துவிட்டுக் காவலரை அழைத்துத் தீனிப் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். எங்கள் இருவர் எண்ணிக்கையும் ஒத்திருந்தது. கட்டி வந்த பிறகு அந்தத் தீனியைத் தின்ற எலிகளுக்குத்தான் கட்டிகள் அதிகம்.

எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்குமா? தெரியாது. தெரியாததால்தான் பயம். அவர் நாற்காலியில் இன்னொருவரை உட்காரவைத்து, அதே ஒழுங்கோடு மறுபடி செய்து பார்ப்போம். இந்தச் சபையின் முன் உறுதி கூறுகிறேன்.

ஆனால் அதுவரை காத்திருக்க எனக்குத் தைரியமில்லை. அண்ணி, சபையில் சொல்கிறேன், மன்னியுங்கள். உங்கள் மருத்துவர் இதோ மேடையிலேயே இருக்கிறார். எழுந்து வாருங்கள். அடுத்த மாத்திரையைப் போடலாமா என்று இப்போதே கேளுங்கள்.