கால்தாளத்துக்கு ஒரு மைக்

அன்றைக்கு வேதக்கோயிலுக்குள் இருந்தவர்கள்: மைக் செட் வேதமாணிக்கம். பட்டாள பேண்டில் கொட்டடித்துவிட்டு பென்ஷனில் வந்த பொன்னுதாஸ். சபையில் மணியடிக்கிற ஈசாக், கையில் சாவிக்கொத்தும் பெட்ரோமாக்ஸுமாக. மூன்று பேர். நாலாவது ஆள் உண்டா இல்லையா... அதுதான் விஷயம்.

வேதமாணிக்கம் நம்ம விஜயதாஸுக்குச் சித்தப்பா முறை. விஜயதாஸ் சொன்னபடியே சொல்வது. கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஐம்பத்து நாலாம் வருஷம். தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டு வெடிவைப்பு நடந்து ரெண்டு மாசம். இரவு பத்தே முக்கால். உதியன்குளங்கரையில் இருந்து குளத்தூருக்குப் போகும் மண்ரோடு. சைக்கிள் கேரியரில் பாட்டரி, தோளில் குழாய் ஸ்பீக்கர். ஒரு வீட்டிலும் வெளிச்சமில்லை. வண்டிச் சத்தம் கேட்டாலே விளக்கை ஊதி அணைக்கிற காலம் அது. ஆனாலும் ஜன்னல்களுக்குப் பின்னால் ஆள் நின்று பார்ப்பது வேதமாணிக்கத்துக்குத் தெரிந்தது.

அவரை ரெண்டு மாசமாக ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. காரணம் ராஜையா.

அந்த வருஷம் மைக் கட்டுகிறவன் எவனும் வாய்விட்டு எண்ணுவதில்லை. ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்றால் தமிழ்க் கட்சிக்காரன். மலையாளத்தில் ‘ஒந்நு, ரண்டு, மூந்நு’ என்றால் மற்றக் கட்சிக்காரன். ரெண்டு பாஷையையும் ஒரே வாயில் பேசுகிறவர்கள் மைக்கைக் கண்டதும் ஊமையானார்கள். ஃபூ... ஃபூ... என்று ஊதிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். ராஜையா ஒருவன்தான் எண்ணினான். தமிழில், மூணு வரைக்கும், ரோட்டில் நிற்கிற போலீசுக்குக் கேட்கும்படி.

வெடிவைப்புக்குப் பிறகு அவன் ஆரியங்கோட்டில், ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புரைக்குள் ஒளிந்திருந்தான். ஒரு விடியற்காலையில் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அதற்கு முந்தின நாள் அந்தப் புரைப் பக்கம் போனது வேதமாணிக்கம் மட்டும். பாட்டரி இரவல் கேட்கப் போனதாகச் சொன்னார். ஊர் கேட்டுக்கொண்டது. நம்பவில்லை.

இப்போது கூப்பிட்டிருப்பது ஈசாக். ராஜையாவின் மச்சினன். மறுநாள் அறுப்புப் பண்டிகை. இந்த வேலை நல்லபடி முடிந்தால் ஊர் வாய் அடங்கும் என்று வேதமாணிக்கம் நினைத்தார். ஈசாக் என்ன நினைத்தான் என்று தெரியாது.

போதகர் அங்கி மாற்றும் பக்கத்து அறையில் ஆம்ப்ளிபயரையும் பாட்டரியையும் வைத்தார். ஈசாக் சாவிக்கொத்தைப் பாட்டரிக்குப் பக்கத்தில் மேசைமேல் போட்டான்.

பிரச்சினை பொன்னுதாஸின் கால்தாளம். ஒரு கம்பியில் மேலும் கீழுமாக ரெண்டு வெண்கலத் தட்டு. காலால் மிதித்தால் மூடும். மூடினால் ட்சிக். திறந்து அடித்தால் சீ...ங். வேதமாணிக்கத்தின் மைக்கில் அது காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெறித்த மாதிரி இரைந்தது.

“பப்படம் பொரிக்குதாக்கும் அண்ணே” என்றான் பொன்னுதாஸ்.

ஈசாக் ஒரு சாக்கைப் பிரித்தான். கனமான மைக். “சுகிர்தபாய் தந்து விட்டா. அவ மாப்பிளைக்க மைக்.”

சுகிர்தபாய் ராஜையாவின் பெண்டாட்டி. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். வேதமாணிக்கம் வாங்கிக்கொண்டார். வாடை அடித்தது... புகை போட்ட ரப்பர் ஷீட்டின் வாடை. சாக்கு வாடையாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மாட்டினார். ட்சிக். ட்சிக். சுத்தமான சத்தம். ஆனால் ஒவ்வொரு ட்சிக்குக்கும் பின்னால்... ஃபூ.

அதற்கு அவரிடம் காரணம் இருந்தது. தட்டு மூடும்போது நடுவில் கிடக்கிற காற்று விளிம்பு வழியாகப் பாயும். மைக்கை விளிம்புக்கு நேரே வைக்கக் கூடாது. ஒரு சாண் உயர்த்தி, மேலிருந்து கீழே பார்க்க வைத்தார்.

ட்சிக். ஃபூ.

பொன்னுதாஸ் சேட்டை செய்கிறானோ என்று அவன் வாயையே பார்த்தார். வாய் மூடியிருந்தது. “காலை எடு மக்கா.”

“எடுத்து வெகு நேரமாச்சே.”

ஃபூ... ஃபூ... மூன்று பேரும் அசையவில்லை. பெட்ரோமாக்ஸ் இரைகிற சத்தம். பிறகு குழாயில், மெதுவாக:

“ஒண்ணு... ரெண்டு...”

அதோடு நின்றது. வேதமாணிக்கம் மூணுக்காகக் காத்தார். மூணு வரவில்லை. ட்சிக் என்றது. தட்டுகள் ரெண்டும் விலகியே இருந்தன. இது வெண்கலச் சத்தமும் இல்லை. இரும்பு. கொக்கி பூட்டில் விழுகிற சத்தம். அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

“பூட்டிட்டு மாறி நில்லுண்ணு போலீசுகாரனுவ சொன்னானுவ... பூட்டினேன்” என்றார். “உள்ள ஆளு உண்டுண்ணு நான் சொல்லல்ல.”

ஈசாக் அவர் பக்கம் திரும்பினான். “புரை பூட்டிக் கிடந்த காரியம் ஊருல ஒருத்தருக்கும் தெரியாதே, ஓய்” என்றான். “தூங்கும்போ பிடிச்சதாட்டுதான் நாங்க கேட்டது.”

விளக்கை எடுத்தான். பொன்னுதாஸும் எழுந்தான். ரெண்டு பேரும் முன்வாசல் வழியாக வெளியே போனார்கள்.

இருட்டில் குழாய் மறுபடி ஊதியது. ஃபூ... பாட்டரியைப் பிடுங்கினால் எல்லாம் அடங்கும். வேதமாணிக்கம் பெஞ்சுகளைத் தடவித் தடவிப் பக்கத்து அறைக்குள் போனார். ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் பெட்ரோமாக்ஸ் தெரிந்தது. அதன் ரெண்டு பக்கமும் ஈசாக்கும் பொன்னுதாஸும், இந்தப் பக்கம் பார்த்தபடி, அசையாமல். அந்த வெளிச்சத்தில் பாட்டரி கிளிப்பைப் பிடுங்கினார். ரெண்டையும். ஆம்ப்ளிபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது.

“மூணு” என்றது குழாய்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தியது. ரப்பர் புகை வாடை. வெளியே தாழ்ப்பாள் இழுபட்டு, பூட்டு விழுந்தது... ட்சிக். சாவிக்கொத்து மேசைமேல், அவர் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.