கீறாதேங்கோ

ஓடுகிறேன். செருப்பு வரப்பிலேயே கிடக்கிறது. மடியில் இருந்த மல்லிகை மொட்டெல்லாம் கொட்டிவிட்டது. காலை வெயில். கிணற்று மேட்டில் ஓர் ஆள். எங்கள் அகதி முகாமைப் பார்த்து ஒரு கண்ணை மூடுகிறான். பென்சில் மாதிரி எதையோ நீட்டிப் பிடிக்கிறான். அளக்கிறான்.

"கீறாதேங்கோ! கீறாதேங்கோ!"

நான்தான் கத்துகிறேன்.

வன்னியில் இப்படி ஒருவன் வந்தான். இதேபோல் ஒரு கண்ணை மூடினான். எங்கள் தறப்பாள் கூரைக் கொட்டில்களைத் தாளில் கீறிக்கொண்டு போனான். யாரென்று இன்றுவரை தெரியாது. இரண்டு நாள் கழித்து, விடிகிற நேரம். தூரத்தில் 'டும்' என்று ஒரு சத்தம். பிறகு குண்டின் கூவல். பிறகு காது அடைத்துவிட்டது. பங்கர் குழிக்குள் நான் மட்டும்தான் போய்ச் சேர்ந்தேன். அன்றிலிருந்து, தாளோடு நிற்கும் எவனையும் நம்பியதில்லை. ரெட்டியார்சத்திரம் பக்கம் வந்து இத்தனை வருடமாகியும் நம்பவில்லை.

பக்கத்தில் பூப்பறித்த உள்ளூர்ப் பேச்சியக்கா அரிவாளோடு ஓடிவருகிறாள். எங்களுக்குக் கீறுவது என்றால் வரைவது. அவளுக்குக் கத்தியால் கிழிப்பது.

"ஏலே, எவன்டா அவன்! கத்தியக் கீழ போடு!"

அவர் தூரிகையைக் கீழே போட்டார். இரண்டு கையையும் தூக்கினார். எனக்கு இரக்கம் வரவில்லை. தாளைப் பிடுங்கினேன். ஊர் ஊராகப் போய் நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சி வரைபவராம். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகிறாராம். கதை நன்றாகத்தான் இருந்தது.

படம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. எங்கள் வீடுகளை எங்கே குறித்திருக்கிறார் என்று தேடினேன். சிறுமலை நீலமாக நின்றது. தென்னை, பூந்தோட்டம், மேகம். முகாம் இருக்கும் இடத்தில் பச்சைப் புல். ஒரு கூரைகூட இல்லை. அப்பாடா என்று மூச்சு வந்தது. பிறகுதான் வயிறு எரிந்தது.

"எங்கட வீடுகள் எங்க?"

"ஆஸ்பெஸ்டாஸ் கூரை காட்சியக் கெடுக்குதும்மா. அதான் விட்டுட்டேன்."

"இப்ப கீறுங்கோ."

"காஞ்சிருச்சும்மா. மேல வச்சா அழுக்காத் தெரியும்."

குண்டு போட வந்தவன் கண்ணுக்காவது நாங்கள் தெரிந்தோம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வன்னியில் இல்லாமல் போனவர்கள்: அம்மா, அண்ணா, என் கைக்குழந்தை. ஒரு கல்வீடு. இரண்டு மாடு. இந்தத் தாளில் போனவர்கள்: குழாயடியில் நின்ற சனம், பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருந்த பிள்ளைகள், கொடியில் உடுப்புக் காயப்போட்ட சரசு அக்கா, நான். இவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். எழுதிக்கொள்ளுங்கள்.