கிரிஸ்பீனுக்கு நன்றி சொல்ல மாட்டேன்

பெருமதிப்பிற்குரிய கழகத் தலைவர் தோன் அத்திலியோ சமானியேகோ அவர்களே, அவருக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் வரிசை கட்டி அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழுப் பெருமக்களே, பூசை முடிந்த கையோடு வந்து எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நாற்காலி போட்டுக்கொண்ட பங்குத்தந்தை அவர்களே, சூளைச் சூட்டில் சிவந்த கைகளோடு வந்திருக்கும் செங்கல் பெரியவர்களே, படகுத்துறையில் பாரம் தூக்கும் பலசாலிகளே, விடியும் முன்னே அடுப்பு மூட்டி, சீப்பா ரொட்டி சுட்டு, கூடை காலியான பிறகே முன்வரிசைக்கு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் கைத்தடியோடு நிற்கும் கிரிஸ்பீன் அரேவாலோஸ் அவர்களே, உங்கள் அனைவருக்கும் ஆற்றங்கரையில் பிறந்து ஆற்றங்கரையிலேயே நரைத்த இந்த செர்வியானாவின் வணக்கம்.

கடைசிப் பெயரைச் சொன்னதும் யாரோ சீழ்க்கை அடித்தீர்கள். அடியுங்கள். மூச்சு இருக்கிற வரைக்கும் அடியுங்கள். என் பேச்சு முடியும்போதும் அதே மூச்சு இருக்கிறதா என்று பார்ப்போம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? நம் தக்குவாரா கால்பந்துக் கழகத்தின் பயிற்சியாளராக கிரிஸ்பீன் இருப்பதா, போவதா என்று உறுப்பினர்கள் கை தூக்கிச் சொல்வதற்காகக் கூடியிருக்கிறோம். கழகம் உறுப்பினர்களுடையது. ஆனால் நாம் கையைத் தூக்கும் முன்பே, வெள்ளிக்கிழமை காலையில் ஊர் வானொலியில் நிர்வாகக் குழுவின் குரல் வந்துவிட்டது. "கிரிஸ்பீன் அரேவாலோஸ் ஆற்றிய சேவைக்குக் கழகம் நன்றி தெரிவித்துக்கொள்கிறது." அழகான சொல். பிறகு அந்தச் சொல்லுக்கு வருகிறேன். அதை நான் மறக்க மாட்டேன், நீங்களும் மறக்காதீர்கள்.

என்னை ஏன் இந்த மேடையில் ஏற்றினார்கள் என்று சிலருக்குச் சந்தேகம் இருக்கும். நான் சிரிலோவின் பாட்டி. எந்தச் சிரிலோ? இந்தப் பருவம் முழுக்க நீங்கள் தொண்டை கிழியப் பெயர் சொல்லிக் கத்தினீர்களே, அந்தச் சிரிலோ. இறுதி ஆட்டத்தில் கிரிஸ்பீன் வெளியே உட்கார வைத்தாரே, அந்தச் சிரிலோ. நேற்று தோன் அத்திலியோ என் வீட்டு வாசலுக்கே வந்தார். அவர் கார் எங்கள் தெருவுக்குள் வந்ததே அதுதான் முதல் தடவை, கோழிகள் எல்லாம் சிதறி ஓடின. வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, உங்க பேரன் வாழ்க்கையையே கெடுத்துட்டான் அந்த ஆளு. பியூனோஸ் ஐரஸ் பெரிய கிளப்புலேர்ந்து அவனப் பாத்து எடுக்கத்தான் வந்திருந்தாங்க. நாளைக்கு மேடையில வந்து உங்க மனசுல இருக்கறத அப்படியே கொட்டிருங்க" என்றார்.

கொட்டுகிறேன் ஐயா என்றேன். என் மனசில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது கொட்டுகிறேன். ஓரத்தில் இருப்பவர்கள் காலைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

யார் இந்தக் கிரிஸ்பீன்? பந்து வாங்கித் தர ஆளில்லாத வீட்டில் பிறந்து, தெருவில் விழுந்த நாரத்தங்காயை உதைத்து உதைத்தே ஆட்டம் கற்றவன். அவனுடைய இடது காலை நீங்கள் பார்த்ததுண்டா? இளையவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பந்து அந்தக் காலில் பட்டால் பட்ட சத்தம் கேட்காது, தடுப்பவன் திரும்புவான், பந்து இருக்காது, இன்னொரு தரம் திரும்புவான், கிரிஸ்பீனும் இருக்க மாட்டான். காற்றாய் வந்தான், கடந்து போனான், கோல் விழுந்த பிறகுதான் கூட்டத்துக்கே மூச்சு வந்தது. அப்படி ஒரு காலைக் கடவுள் இந்தக் கரைக்குக் கொடுத்தார். அந்தக் காலை இந்தக் கரை என்ன செய்தது?

எதிர்க்கரை அணியோடு கோப்பைக்கான ஆட்டம். கிரிஸ்பீனின் முழங்கால் வீங்கிக் கொய்யாப்பழமாய்க் கிடக்கிறது. அன்றைய தலைவர் அறைக்குள் வருகிறார். பக்கத்தில் மருத்துவர். "சின்ன ஊசிதாண்டா தம்பி, வலியே தெரியாது, ஊரே உன்ன நம்பித்தான் இருக்கு" என்கிறார். இருபது வயசுப் பிள்ளை, ஊரே நம்பியிருக்கிறது என்று சொன்னால் என்ன செய்வான்? காலை நீட்டினான். ஆடினான். கோல் போட்டான். ஊர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு துறைவரைக்கும் போனது. இறக்கிவிட்டபோது அந்தக் கால் தரையில் ஊன்றவில்லை. யார் பார்த்தீர்கள்? எல்லார் கண்ணும் கோப்பையில் இருந்தது, கிரிஸ்பீனின் காலில் ஒரு கண்ணாவது இருந்ததா?

வீக்கம் வடியும் முன்பே அவனைப் பியூனோஸ் ஐரஸ் கழகம் ஒன்றுக்கு விற்றார்கள். நிமிர்ந்து பாருங்கள். எல்லாரும் நிமிருங்கள், தாய்மார்களும்தான். தலைக்கு மேலே தகரக் கூரை தெரிகிறதா? வெயில் உங்கள் மண்டையைப் பிளக்காமல் காக்கிறதே, அந்தக் கூரை? அது கிரிஸ்பீனை விற்று வேய்ந்த கூரை. அவன் முழங்காலின் நிழலில் உட்கார்ந்துகொண்டு அவனைப் பார்த்துச் சீழ்க்கை அடிக்கிறீர்கள்.

நாட்டின் சிவப்பு வெள்ளைச் சட்டையை அவன் அணிந்த அன்று நாம் பட்டாசு வெடித்தோம். அந்தச் சட்டைக்குக் கீழே, காற்சட்டைக்கும் கீழே, வாரத்துக்கு ஒரு ஊசி ஏறிக்கொண்டிருந்தது. ஒருநாள் துரத்திய பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போனது. கிரிஸ்பீன் தாண்டவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கமே விழுந்தான். விழுந்தவனைப் பியூனோஸ் ஐரஸ் ஒரு கைத்தடி கொடுத்து அனுப்பியது. படகில் வந்து இறங்கினான். துறையில் மேளம் இருந்ததா? மாலை இருந்ததா? நிர்வாகக் குழுவிலிருந்து ஒரு நிழலாவது இருந்ததா? அன்று சர்க்கரை மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பாரக்காரர்கள்தான் அவன் பெட்டியையும் இறக்கினார்கள். இதோ தலையாட்டுகிறார்கள், பாருங்கள்.

அப்போது நம் கழகம் எந்த அழகில் இருந்தது? கோல் கம்பத்தில் மாடு கட்டியிருந்தார்கள். வேறெந்த ஊரில் அவனைக் கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கலாம். அந்த மாட்டை அவிழ்த்து ஓட்டிவிட்டு, சூளைப் பையன்களை வரிசையில் நிறுத்தினான். அதன் பிறகுதானே மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு ஏறினோம். இன்னும் ஒரு படி ஏறினால் முதல் பிரிவு என்கிற இடத்துக்கு நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியது யார், வானொலியா?

அவர் பயிற்சி தரும் முறை உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அதை நீங்கள் கேலி பேசினீர்கள். வட்டமாய் உட்கார்ந்து ஒரே குவளையில், ஒரே குழலில் குளிர்ந்த பச்சிலைத் தெரெரே குடிக்கும்போது ஊற்ற வேண்டியவன் இளையவன். ஊரெல்லாம் அப்படித்தான். இவர் மட்டும் கொம்புக் குவளையைத் தன் கையில் வைத்துக்கொண்டு தானே ஊற்றுவார். உட்கார்ந்த இடத்துக்குக் கொடுத்தனுப்பவும் மாட்டார், ஒவ்வொருவனும் எழுந்து வந்து வாங்க வேண்டும். "ராஜா மாதிரி உக்காந்துக்கிட்டு எல்லாரையும் எந்திரிக்க வெக்கறாரு பாரு நொண்டி வாத்தியாரு" என்று வேலிக்கு வெளியே நின்று சிரித்தீர்களே. அவர் எதற்காக எழுப்பினார்? வலியை மறைக்கிறவன் ஓடும்போது மறைப்பான், உதைக்கும்போது மறைப்பான், தாகத்துக்கு எழுந்திருக்கும்போது மறைக்க மறந்துவிடுவான். எந்தக் காலை ஊன்றி எழுகிறான் என்று பார்ப்பதற்குத்தான் அந்த ஐயா குவளையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். ஜெயித்தால் முதல் பிரிவு. என் பேரன் பயிற்சியில் முழங்காலைத் திருகிக்கொண்டு, அதை வாத்தியாரிடம் சொல்லாமல் தலைவரிடம் சொல்லியிருக்கிறான். தலைவரும் வாத்தியாரிடம் சொல்லாமல் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். ஆட்டத்துக்கு முன்னால் அறையில் வட்டம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். குவளை வாங்க சிரிலோவின் முறை வந்தது. எழுந்தான். எழும்போது சுவரில் ஒரு கை வைத்தான். அவ்வளவுதான்.

"எந்தக் கால்டா?" என்று கேட்டார் கிரிஸ்பீன்.

"ஒண்ணுமில்ல வாத்தியாரே."

"சுவரப் புடிச்சு எந்திரிக்கற வயசா உனக்கு? காட்டு."

அந்த நேரம் தோன் அத்திலியோ உள்ளே வந்தார். பின்னால் மருத்துவர், கையில் மருந்து ஏற்றிய ஊசி. "கிரிஸ்பீன், வெளியில ஊரே காத்துக்கிட்டு இருக்கு. ஒரே ஒரு ஊசி. பையன் ஆடட்டும்" என்றார். கிரிஸ்பீன் கோபப்படவில்லை. குனிந்து, தன் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டார்.

"இதுவும் ஒரே ஒரு ஊசிதாங்க ஐயா. உங்கப்பா போட்டது" என்றார்.

நான் அந்த அறையில் இல்லை. ஆனால் இந்த மேடையில் இருக்கும் ஒருவர் இருந்தார். பொய்யென்றால் இப்போதே எழுந்து மறுக்கட்டும். காத்திருக்கிறேன்.

தண்ணீர் குடிக்கிறார். குடிக்கட்டும்.

சிரிலோவுக்கு ஆத்திரம். இருக்காதா? பியூனோஸ் ஐரஸ்காரர்கள் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். வாங்கிய குவளையைக் குடிக்காமல் திருப்பி நீட்டி, "நன்றி வாத்தியாரே" என்றான். அறையில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்களாம். ஏன்? தெரெரே வட்டத்தில் நன்றி என்று சொன்னால் என்ன அர்த்தம்? சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள். ஆமாம், போதும் என்று அர்த்தம். இனி எனக்கு ஊற்றாதே, நான் உன் வட்டத்தில் இல்லை என்று அர்த்தம். நன்றி சொன்னவனுக்குத் திரும்ப ஊற்றும் வழக்கம் நம் நாட்டில் எந்தக் கரையிலும் இல்லை. கிரிஸ்பீன் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாய் ஊற்றினார். அந்தக் குவளையை மறுபடி அவனிடம் நீட்டி, "நீ சொன்னது என் காதுல விழல. தாகமெடுக்கறப்ப குடி" என்றார். இவன் வாங்கவில்லை. நிறைந்த குவளை பெஞ்சின் மேலேயே இருந்தது. சிரிலோ இல்லாமல் அணி களத்தில் இறங்கியது. ஒரு கோலில் தோற்றோம்.

தோற்றோம். நான் மறுக்கவில்லை. எனக்கும் கோபம் வந்தது. அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? எந்த நாரத்தங்காயை உதைத்து அவன் ஆட்டம் கற்றானோ, அந்த நாரத்தங்காயை அவன் தலையிலேயே எறிந்தீர்கள். அவன் வீட்டுச் சுவரில் ஆளுயரத்துக்குச் சிவப்பு மையில் நொண்டி என்று எழுதினீர்கள். எழுதிய கை இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. அந்தக் கைக்குச் சொந்தக்காரனே, சுவரில் இன்னும் இடம் இருக்கிறது, போய்ப் பாதி விட்டதை முழுசாக எழுது. யார் நொண்டியாக்கினார்கள் என்று எழுது. எந்தக் கோப்பைக்காக என்று எழுது. எந்தக் கூரைக்காக என்று எழுது.

ஆட்டம் முடிந்த வாரமே சிரிலோவைத் தலைநகர் அசுன்சியோனுக்கு அழைத்துப்போனேன். பெரிய மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முட்டிக்குள்ள கயிறா இருக்க வேண்டியது நூலா இருக்கு. அன்னைக்கு மரத்துப்போக வெச்சு ஓட விட்டிருந்தா இந்தக் கால மறந்திருக்கலாம் பாட்டி" என்றார். இப்போது ஆறும் என்கிறார். பியூனோஸ் ஐரஸ்காரர்கள் திரும்பி வருவார்களா? எனக்குத் தெரியாது. வரவில்லையென்றால் என் பேரன் சூளையில் செங்கல் சுமப்பான். இரண்டு காலில் நின்று சுமப்பான்.

திரும்பி வரும் பேருந்தில் அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஊர் எல்லை வந்ததும்தான் வாயைத் திறந்தான். "பாட்டி, நான் அவருக்கு நன்றின்னு சொல்லிட்டனே" என்றான். அந்தப் பிள்ளை ஆத்திரத்தில் சொன்னான், சொன்னதற்கு உள்ளுக்குள் செத்துப் பிழைக்கிறான். நிர்வாகக் குழுவோ நிதானமாக உட்கார்ந்து, யோசித்து, எழுதி, வானொலியில் படித்தது. நன்றி கிரிஸ்பீன். போதும் கிரிஸ்பீன். இனி உனக்கு ஊற்ற மாட்டோம் கிரிஸ்பீன். காலைக் குடித்தோம், கூரையைக் குடித்தோம், மாடு மேய்ந்த மைதானத்தில் நீ வளர்த்த பிள்ளைகளைக் குடித்தோம், குவளையில் மண்டி மட்டும் இருக்கிறது, கிளம்பு கிரிஸ்பீன்.

இதைச் சொல்ல இந்த ஊருக்கு நா எழுந்ததா? என் நா எழாது.

கை தூக்குவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. சிரிலோ, எழுந்திரு. மெதுவாக. சுவர் இருந்தால் பிடித்துக்கொள், வெட்கமில்லை. அந்தத் தண்ணீர்க் கூஜாவையும் கொம்புக் குவளையையும் எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போ. வழி விடுங்கள் ஐயா, கட்டுப்போட்ட கால் வருகிறது. வட்டத்தில் ஊற்ற வேண்டியவன் இளையவன்தான், இன்றைக்கு வழக்கப்படியே நடக்கட்டும். ஊற்றடா. சிந்தினால் சிந்தட்டும்.

வாங்கிக்கொண்டார் கிரிஸ்பீன். குடிக்கிறார். யாரும் பேசாதீர்கள், சீழ்க்கைக்காரரே நீங்களும்தான். குவளையைத் திருப்பிக் கொடுக்கிறார். என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். நன்றாகக் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

ஒன்றும் சொல்லவில்லை.

இத்தனை செய்த பிறகும் அந்த மனிதர் நன்றி சொல்லவில்லை. சும்மா குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிற்கிறார். அவர் இன்னும் நம் வட்டத்தில்தான் இருக்கிறார், நாம்தான் எழுந்து போகப் பார்த்தோம்.

சிரிலோ, அடுத்ததை நிரப்பி மேடைக்குக் கொண்டுவா. தோன் அத்திலியோ அவர்களே, இது உங்களுக்கு. நீங்கள் எழுந்து வந்து வாங்க வேண்டும். அதன் பிறகு வரிசையாக ஒவ்வொருவருக்கும் வரும். கிரிஸ்பீன் குடித்த குழலிலேயே குடிக்க மனமிருப்பவர்கள் குடித்துவிட்டுக் கையைத் தூக்குங்கள். போதும் என்பவர்கள் அவர் முகத்தைப் பார்த்து நன்றி என்று சொல்லிவிட்டு, இந்தக் கூரையை விட்டு வெளியே போய் வெயிலில் நின்று தூக்குங்கள்.

பேச்சை முடிக்கும்போது அவைக்கு நன்றி சொல்வது மேடையின் மரபு. நான் சொல்லப்போவதில்லை. எனக்கு இன்னும் தாகம் அடங்கவில்லை. வணக்கம்.