ஆறிக்கொண்டிருக்கும் பால்

மேடையில் வீற்றிருக்கும் இமாம் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா சென்னாங் அவர்களே, வலப்பக்கம் இருக்கும் எங்கள் மேல்மலைக்காரர்களே, இடப்பக்கம் கைகட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் அடிவாரத்துப் பெருமக்களே! உங்கள் அனைவர் மீதும் அமைதி உண்டாகட்டும். இதை மரியாதைக்குச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

நம் பாலாடைக்கட்டியாம் தாங்கேயைச் செய்வோர் சங்கத்தின் தலைவர், பெரியவர் புவாங் லாசப்பே மறைந்துவிட்டார். எப்படிப்பட்ட நேரத்தில் மறைந்தார்! 'தாங்கே பிறந்த ஊர்' என்று நாங்கள் மேல்மலையில் வைத்த பலகையை யாரோ பிளந்தார்கள். எங்கள் பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். அன்றிலிருந்து அடிவாரத்தார் தாங்கேயை உறைய வைக்கும் பப்பாளிப் பால் தருவதில்லை. இன்று சங்கத்தை உடைத்துவிட்டுத்தான் போவது என்று இரு தரப்பும் வந்திருப்பது எனக்குத் தெரியாதா?

மேடையருகே பானை எதற்கு என்று பார்க்கிறீர்கள். மேல்மலை எருமைப் பால். பதமாகச் சூடேற்றி இறக்கி வைத்திருக்கிறோம். ஆறிவிட்டால் உறையாது; அதற்குள் பேசி முடிக்க வேண்டும்.

லாசப்பே இளைஞராக இருந்தபோதும் இதே சண்டைதான். அப்போதும் பப்பாளிப் பால் நின்றது. எங்கள் குளிரில் பப்பாளி காய்க்குமா? வீம்புக்குச் சந்தையில் காய்ந்த பப்பாளிப் பாலை வாங்கிக் கரைத்து, அளவு தெரியாமல் ஊற்றினோம். உறைந்தது, ஆனால் கசப்பென்றால் அப்படியொரு கசப்பு! மானத்துக்குப் பயந்து அதைத் தின்று தீர்த்தவர்கள் இதோ வலப்பக்கம் தலைகுனிந்து சிரிக்கிறார்கள்.

லாசப்பே தின்னவில்லை. பால் பானையைத் தோளில் ஏற்றி அடிவாரத்துக்கு இறங்கினார். அம்மா சென்னாங்கின் அண்ணன் ஜுமாயிங் கையில் கத்தியோடு வழிமறித்தார்.

"என்னப்பா, தாங்கேயக் கண்டுபிடிச்ச பரம்பரையே! ஒங்க பாட்டன் பால எதுல ஒறைய வச்சான்? எச்சிலத் துப்பியா?"

சுற்றி நின்ற அடிவாரத்தார் சிரித்தார்கள். லாசப்பே பானையை இறக்கினார்.

"ஒங்க பாட்டன் பப்பாளிப் பால எதுல ஊத்துனாருண்ணே? ஆத்துத் தண்ணியிலயா? இந்தாங்க, பாலு ஆறுது. திட்டுறத ஒறைஞ்ச பெறகு திட்டுங்க."

அந்தக் கத்தி பப்பாளிக் காயைக் கீறியது. சென்னாங் கொட்டாங்கச்சியில் சொட்டுகளைப் பிடித்தார். தாங்கே உறைந்தது. லாசப்பே, சென்னாங் திருமணப் பேச்சும் அங்கேதான் தொடங்கியது.

எருமை எங்களிடம், மரம் உங்களிடம்! பிறகு எந்த ஒற்றை ஊரில் பிறந்திருக்கும் தாங்கே? யார் பாட்டன் தனியாகப் பெற்றுப் போட்டான்? படுக்கையில் கிடந்தபோதும் லாசப்பே என்னைத் திட்டினார்: "என் மௌத்துக்கு வர்றவங்களுக்குத் தாங்கே வைக்கலைன்னா எந்திரிச்சு வந்துருவேன்டா!" வந்துவிட்டால் தேவலை என்றிருக்கிறது எனக்கு. அவர் இல்லாமல் இந்த மேடையில் நிற்கப் பயமாக இருக்கிறது.

மேல்மலைக்காரனாக உறுதி கூறுகிறேன்: அந்தப் பலகை எங்கள் ஊரில் இனி எழாது. கல்லெறிந்த பிள்ளைகளை நானே அழைத்து வந்து மன்னிப்புக் கேட்க வைப்பேன். சங்கம் உடையாது என்ற உறுதியை மட்டும் நான் தனியாகக் கூற முடியாது.

ஜுமாயிங் அண்ணன் அவர்களே! எழுந்து வாசல் வரை போய்விட்டீர்கள். போங்கள், தடுக்கவில்லை. வாசலில் உங்கள் அடிவாரத்துப் பப்பாளி மரம்தான் காய்த்துத் தொங்குகிறது. உங்கள் தங்கை கொட்டாங்கச்சியோடு எழுந்து நிற்கிறார். பால் ஆறிக்கொண்டிருக்கிறது.

யாராவது அண்ணன் கையில் ஒரு கத்தி கொடுங்கள்.